பொதி போன பாதை – 14: சாகாத பொதியின் தடம்

கடந்த வாரம் 2004 ஒகஸ்டில் நிறுத்தினோம். கொழும்புத் துறைமுகத்தருகே 'ஸ்டேட் ஒஃப் நாகலாந்து' என்ற இந்தியக் கப்பலின் நங்கூரம் கடலடிக் கேபிளை இழுத்து அறுத்தது. நாட்டின் இணையமும் வெளிநாட்டுத் தொலைபேசியும் ஏறக்குறைய முழுவதுமாக நின்று போயின.

அந்த நாட்களில் பாதையைத் தேடும் வேலை யாருக்கும் இருக்கவில்லை. நாடு நம்பியிருந்த பாதை ஒன்று. அது அறுந்து கிடந்தது. அடுத்த ஆண்டு சீ-மீ-வீ 4 கேபிள் கொழும்பில் கரையேறியது. 2006இல் தூத்துக்குடிக்கும் கல்கிசைக்கும் இடையே பாரத்-லங்கா கேபிள் இறங்கியது. ஒற்றைப் பாதைக் காலம் அத்தோடு முடிந்தது.

அதற்கும் முந்திய பகுதிகளில், 1990இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அபய இந்துருவவும் அவருடைய சகாக்களும் தொடங்கிய 'லேர்ன்' மின்னஞ்சல் சேவையைப் பார்த்தோம். தொலைபேசி அழைப்பில் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தைப் பிடித்து, சேர்த்து வைத்த கடிதங்களை மொத்தமாகக் கொடுத்து வாங்கிய சேவை அது. அந்தக் காலத்து யூயூசிபி வலைகளில் கடிதம் எழுதுபவரே பாதையையும் எழுதிய விதம் நினைவிருக்கும்: இந்தக் கணினி, அதன்பின் இந்தக் கணினி, அதன்பின் இன்னார் என்று வியப்புக் குறிகளால் பிரித்த நீண்ட முகவரி. அனுப்பியவருக்குப் பாதை தெரியும், ஏனென்றால் அதை எழுதியவரே அவர்தான்.

இணையம் வந்ததும் அந்தத் தெளிவு போயிற்று. போய்ச் சேர வேண்டிய இடத்தை மட்டும் எழுதினால் போதும், வழியை நடுவில் இருக்கும் ரவுட்டர்கள் பார்த்துக்கொள்ளும் என்றானது. பெரிய வசதிதான். ஆனால் தரவைத் துண்டு துண்டாகச் சுமக்கும் பொதி எந்த வழியாகப் போகிறது என்று அனுப்பியவருக்கே தெரியாத நிலையும் அதோடு சேர்ந்து வந்தது.

இந்த வாரக் கதை, தொலைந்த அந்த வழியைத் திரும்பக் கண்டுபிடித்தவர்களின் கதை. கடலில் தொடங்கி, குளிரூட்டிய ஒரே அறைக்குள் போய் முடியும்.

*

நானூறு யார்

1986 ஒக்டோபர். கலிபோர்னியாவின் பேர்க்லியில் மலைச்சரிவில் லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடம் இருக்கிறது. அதன் அடிவாரத்தில் பல்கலைக்கழகம். இரண்டுக்கும் இடையே 400 யார் தூரம், வலையில் இரண்டு தாவல்கள்.

நொடிக்கு 32,000 பிட் ஓடிக்கொண்டிருந்த அந்த இணைப்பு ஒரு நாள் 40 பிட்டுக்கு விழுந்தது. எண்ணூறில் ஒரு பங்கு. கம்பி அறுந்திருக்கவில்லை, இயந்திரம் எதுவும் நின்றிருக்கவில்லை.

ஆய்வுகூடத்தில் வேலை பார்த்த வான் ஜேக்கப்சனும் பல்கலைக்கழகத்தில் யுனிக்ஸ் வேலையில் இருந்த மைக் காரல்ஸும் காரணத்தைத் தேடினார்கள். நெரிசலில் பொதிகள் தொலைய, தொலைந்ததை அனுப்பியவர்கள் திரும்பத் திரும்ப அனுப்ப, நெரிசல் இன்னும் இறுகியது. திரும்ப அனுப்புமுன் தயங்கவும், மெதுவாகத் தொடங்கி மெல்ல வேகம் கூட்டவும் கணினிகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அந்த முறை 1988இல் கட்டுரையாக வெளிவந்தது. இன்று நம் கைபேசிகளின் அடியில் ஓடுவதும் அதன் வாரிசுகள்தான்.

ஆனால் ஜேக்கப்சனை இன்னொரு கேள்வி விடவில்லை. பொதிகள் எந்த வழியாகப் போகின்றன?

ஐ.பி. பொதி ஒவ்வொன்றின் தலைப்பிலும் எட்டு பிட் அகலத்தில் ஓர் எண் இருக்கிறது. அதைப் பொதியின் ஆயுள் என்று சொல்லலாம். கடந்து போகும் ஒவ்வொரு ரவுட்டரும் அதிலிருந்து ஒன்றைக் கழிக்கும். சுழியம் ஆனதும் அந்த ரவுட்டர் பொதியைக் கைவிட்டு, 'உன் பொதி என்னிடம் வந்து ஆயுள் முடிந்தது' என்று அனுப்பியவருக்கு ஒரு குறிப்புப் போடும். 1981இன் விதிமுறையிலேயே இது உண்டு. ரவுட்டர்களின் தவறான வழி அட்டவணையால் பொதி வட்டமடிக்க நேர்ந்தால், அது முடிவில்லாமல் சுற்றக்கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு.

ஸ்டீவ் டீரிங் ஒரு யோசனை சொன்னார். ஜேக்கப்சன் அதை நிரலாக்கினார்.

ஆயுள் 1 என்று எழுதி ஒரு பொதியை விடுவது. முதல் ரவுட்டரிலேயே அது செத்துப்போகும். அந்த ரவுட்டர் தன் முகவரியோடு குறிப்பு அனுப்பும். பிறகு ஆயுள் 2. இரண்டாம் ரவுட்டர் வாய் திறக்கும். பிறகு 3, பிறகு 4. ஒவ்வொரு பொதியும் முந்தியதைவிட ஓரடி தள்ளிப் போய் விழுந்து, விழுந்த இடத்தைச் சொல்லும். விழுந்த இடங்களைக் கோத்தால் பாதை தெரிந்துவிடும்.

1988 டிசெம்பரில் வெளிவந்தது 'ட்ரேஸ்ரூட்'. யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. எந்த ரவுட்டரிலும் புதிதாக எதையும் பொருத்தவில்லை. வேறொரு காரணத்துக்காக வைத்த விதி, பாதையைக் காட்டும் விளக்காக மாறியது. வலையின் வரலாற்றில் இவ்வளவு சிறிய நிரல் இவ்வளவு பெரிய பார்வையைக் கொடுத்த சந்தர்ப்பம் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கொள்ளுப்பிட்டியிலிருந்து இன்றும் இதைப் பார்க்கலாம். வெளிநாட்டு முகவரி ஒன்றைக் கொடுத்து ஓட்டினால் முதல் வரியில் வீட்டு ரவுட்டர், அடுத்து இணைய வழங்குநரின் இயந்திரங்கள். நேரம் சில மில்லிநொடிகளுக்குள் இருக்கும். பிறகு ஏதோ ஒரு வரியில் நேரம் சட்டென்று பல பத்து மில்லிநொடியாக ஏறும். அந்த இடத்தில் பொதி கடல் தாண்டியிருக்கிறது. ஒளி இழைக்குள் நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். கொழும்பிலிருந்து சிங்கப்பூருக்கு நேர்கோட்டில் சுமார் 2,700 கிலோமீட்டர். போய்வர 27 மில்லிநொடிக்குக் குறைய முடியாது. எண் பொய் சொல்லாது. கடலின் அகலம் அந்த ஒரு வரியில் தெரிந்துவிடுகிறது.

*

மூன்று வீதிகள்

பாதை ஒன்றாக இருக்கும்வரை ட்ரேஸ்ரூட் உண்மையைச் சொன்னது. பாதைகள் பலவானதும் தடுமாறியது.

கொள்ளுப்பிட்டியிலிருந்து பம்பலப்பிட்டிப் பக்கம் காலி வீதியும் போகிறது, டுப்ளிகேஷன் ரோட்டும் போகிறது, கடலோரமாக மரைன் டிரைவும் போகிறது. மூன்று பேரை அனுப்பி, முதலாமவரை முதல் சந்தியிலும் இரண்டாமவரை இரண்டாம் சந்தியிலும் மூன்றாமவரை மூன்றாம் சந்தியிலும் நின்று பேசச் சொல்கிறோம். ஆளுக்கொரு வீதியில் போய்விட்டால், அவர்கள் சொன்ன மூன்று சந்திகளையும் கோத்து வரையும் வீதி கொழும்பில் எங்கேயும் இருக்காது.

ட்ரேஸ்ரூட்டுக்கு நேர்ந்தது இதுதான். சம தூரமுள்ள பல வழிகள் இருந்தால், ரவுட்டர் பொதியின் முகவரிகளையும் போர்ட் எண்களையும் கலந்து கணக்கிட்டு ஒரு வழியைத் தெரிவு செய்யும். ட்ரேஸ்ரூட்டோ ஒவ்வொரு பொதிக்கும் போர்ட் எண்ணை மாற்றிக்கொண்டே போனது. ஆகவே ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழியில் போகக்கூடும். இல்லாத இணைப்புகளும் இல்லாத வட்டங்களும் வரைபடங்களில் முளைத்தன. 2006இல் பாரிஸ் ஆய்வாளர்கள் அந்த எண்கள் மாறாமல் பார்த்துக்கொள்ளும் திருத்திய வடிவத்தை வெளியிட்டார்கள். அதற்கு 'பாரிஸ் ட்ரேஸ்ரூட்' என்றே பெயர்.

வெளியுலக இணையத்தில் இது எப்போதாவது வரும் தொல்லை. தரவு மையத்துக்குள் இதுவே அன்றாடம்.

1953இல் பெல் ஆய்வுகூடத்தின் சார்ள்ஸ் குளோஸ், தொலைபேசிப் பரிவர்த்தனை நிலையங்களுக்காக ஓர் அமைப்பை எழுதினார். சிறிய சுவிட்ச்களை அடுக்கடுக்காக நிறுத்தி, ஒவ்வொரு அடுக்கையும் அடுத்த அடுக்கின் எல்லாச் சுவிட்ச்களோடும் இணைத்தால், பெரிய சுவிட்ச் ஒன்றின் வேலையை அவை சேர்ந்து செய்யும். 2008இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் அல்-ஃபாரஸ், லூகிசஸ், வாதட் மூவரும் அதே கருத்தைத் தரவு மையத்துக்குக் கொண்டுவந்தார்கள். 48 போர்ட் (இங்கே போர்ட் என்பது கேபிள் செருகும் வாய்) உள்ள சாதாரண சுவிட்ச்களை மட்டும் கொண்டு 27,648 கணினிகளை இணைக்கலாம் என்று காட்டினார்கள். வெவ்வேறு தொகுதிகளில் இருக்கும் இரண்டு கணினிகளுக்கு இடையே 576 சமமான வழிகள்.

ஐந்நூற்று எழுபத்தாறு. அவற்றில் ஒரே ஒரு கேபிள் பழுதானால், எல்லாம் வேலை செய்வதுபோலவே தெரியும். சில பொதிகள் மட்டும் சில வேளைகளில் தாமதமாகும். தரவு மையத்தில் இருப்பவர்களின் இராத் தூக்கத்தைக் கெடுப்பது இப்படிப்பட்ட அரைகுறைப் பழுதுதான். முற்றாக அறுந்தது உடனே கண்ணில் பட்டுவிடும்.

*

தரமணியில் 144 கணினிகள்

கொழும்பு ஒற்றைக் கேபிளை இழந்து தவித்த அதே 2004இல், பாக்கு நீரிணைக்கு அப்பால் சென்னை தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் ஒரு கணினிக் கூட்டத்தை ஓடவிட்டிருந்தது. இமயமலைச் சிகரம் ஒன்றின் பெயரால் அதற்கு 'கப்ரு' என்று பெயர். 144 கணினிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு 2.4 கிகாஹேர்ட்ஸ் ஜியோன் செயலிகள். அந்த ஆண்டு ஜூனில் வெளியான, உலகின் மிக வேகமான 500 கணினிகளின் பட்டியலில் அது இடம்பிடித்தது.

கப்ருவின் உள்வலை விசேஷமானது. நோர்வேயின் டொல்பின் கம்பனியின் எஸ்.சி.ஐ. அட்டைகளால் கட்டியது. நடுவில் பெரிய சுவிட்ச் கிடையாது. ஒவ்வொரு கணினியும் மூன்று வளையங்களில் உட்கார்ந்திருக்கும்: நீளவாக்கில் ஒன்று, அகலவாக்கில் ஒன்று, உயரவாக்கில் ஒன்று. அடுத்தவனுக்குரிய பொதியை அட்டையே வாங்கி முன்னால் தள்ளிவிடும்.

அங்கே நடந்தது துகள் இயற்பியல் கணக்கு. வெளியையும் காலத்தையும் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கணினிக்கும் ஒரு துண்டைக் கொடுத்து, துண்டுகளின் ஓரங்களைப் பக்கத்துக் கணினியோடு ஓயாமல் பரிமாறும் வேலை. பரிமாற்றம் ஒரு மைக்ரோநொடி பிந்தினால் எல்லாக் கணினிகளும் காத்து நிற்கும். கணக்கின் வடிவமும் வலையின் வடிவமும் ஒன்றாக இருந்ததில் எனக்கு இன்றும் மலைப்பு உண்டு.

இத்தகைய வளைய வலைகளில் பாதையைச் சொல்வது எளிது. முதலில் நீளம், பிறகு அகலம், பிறகு உயரம் என்பது வழக்கமான விதி. தொடக்கமும் முடிவும் தெரிந்தால் காகிதத்திலேயே பாதையை எழுதிவிடலாம். ஒரு கணினி படுத்துவிட்டால் அதன் மூன்று வளையங்களையும் சுற்றிக்கொண்டு போக வேண்டும், விதி குலைந்துவிடும்.

*

கைவிட்ட கம்பியும் ஒரு பந்தயமும்

அதே காலத்தில் இன்னொரு வலை சாகக் கிடந்தது.

1999இல் இரண்டு போட்டி அணிகள் சமாதானமாயின. ஒன்றில் இன்டெல், மைக்ரோசொப்ட், சன். மற்றதில் கொம்பாக், ஐ.பி.எம்., எச்.பி. கணினிக்குள் இருக்கும் தடத்தையும் கணினிகளுக்கு இடையே இருக்கும் கம்பியையும் ஒரே நுட்பத்தால் மாற்றுவது அவர்களின் கனவு. பெயர் 'இன்பினிபாண்ட்'. 2000 ஒக்டோபரில் முதல் விதிமுறை வெளிவந்தது. பணம் கொட்டியது, புதிய கம்பனிகள் முளைத்தன.

பிறகு டொட்கொம் குமிழி வெடித்தது. 2002இல் இன்டெல் தன் இன்பினிபாண்ட் சில்லைக் கைவிட்டது. மைக்ரோசொப்ட்டும் ஒதுங்கியது. பெரியவர்கள் போனபின் மிஞ்சியவர்களில் இஸ்ரேலின் மெலனொக்ஸும் ஒன்று. விற்கச் சில்லு இருந்தது, வாங்க ஆளில்லை.

திருப்பம் 2003இல் வேர்ஜினியா டெக் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. சிறிநிதி வரதராஜன் தலைமையில் ஒரு குழு, அப்பிள் கம்பனியின் ஜி5 மேசைக் கணினிகள் 1,100ஐ வாங்கியது. மாணவர்கள் தொண்டர்களாக வந்து பெட்டி பிரித்து அடுக்கினார்கள். 2,200 செயலிகளையும் கோத்தது இன்பினிபாண்ட். செலவு 5.2 மில்லியன் டொலர். நவம்பர் பட்டியலில் நொடிக்கு 10.28 ட்ரில்லியன் கணக்கோடு உலகில் மூன்றாம் இடம்.

அரசாங்க ஆய்வுகூடங்கள் அதைப் போலப் பல மடங்கு செலவழித்து எட்டிய வரிசையில் ஒரு பல்கலைக்கழகம் மேசைக் கணினிகளோடு போய் நின்றது. கம்பி பிழைத்துக்கொண்டது. 2019இல் என்விடியா ஏறக்குறைய 7 பில்லியன் டொலருக்கு மெலனொக்ஸை வாங்க முன்வந்து, அடுத்த ஆண்டில் வாங்கி முடித்தது. இன்று செயற்கை நுண்ணறிவுக் கணினிகள் பலவற்றைக் கோப்பது அந்தக் கம்பியின் பிற்காலத் தலைமுறை.

*

விளக்கு எரியவில்லை

இனித்தான் இந்த வாரத்தின் முடிச்சு.

இன்பினிபாண்ட் வலைக்குள் பொதி சாவதில்லை. ட்ரேஸ்ரூட் நம்பியிருந்த ஆயுள் எண், ஒரு சப்நெட்டுக்குள், அதாவது ஒரே வலைப்பகுதிக்குள், ஓடும் பொதியின் தலைப்பில் கிடையாது. நூறு, இருநூறு நானோநொடியில் பொதியைத் தாண்டவிடும் சுவிட்ச், ஒவ்வொரு தலைப்பிலும் ஓர் எண்ணைக் கழித்துத் திருத்திக்கொண்டிருக்காது. முகவரியைப் பார்க்கும், அட்டவணையைப் பார்க்கும், தள்ளிவிடும்.

நெரிசலிலும் அது பொதியைக் கைவிடாது. எதிர்ப்பக்கம் 'என்னிடம் இத்தனைக்கு இடம் இருக்கிறது' என்று சொன்ன பிறகே அனுப்பும். இடமில்லை என்றால் காத்திருக்கும். மிக நீண்ட நேரம் வரிசையின் தலையில் சிக்கிய பொதியை மட்டும் ஒரு கால எல்லைக்குப் பின் எறியும்.

இந்தப் பெருந்தன்மைக்குள் ஓர் ஆபத்து இருக்கிறது. முதலாம் சுவிட்ச் இரண்டாவதிடம் இடம் கேட்டுக் காத்திருக்கிறது. இரண்டாவது மூன்றாவதிடம், மூன்றாவது நான்காவதிடம், நான்காவது முதலாவதிடம். எல்லோர் கையும் நிறைந்திருக்கிறது, யாரும் நகர முடியாது. 1987இலேயே டாலியும் சைட்ஸும் இந்த முட்டுக்கட்டை எப்போது வரும், எப்படித் தவிர்ப்பது என்று நிறுவியிருந்தார்கள். காத்திருப்பு வட்டமாகாதபடி பாதைகளை முன்கூட்டியே வகுக்க வேண்டும். அப்படியென்றால் எல்லாப் பாதைகளையும் ஒருவர் உட்கார்ந்து வகுக்க வேண்டும்.

அந்த ஒருவர்தான் 'சப்நெட் மனேஜர்'. ஏதோ ஒரு கணினியிலோ சுவிட்சிலோ ஓடும் நிரல். வலை உயிர்பெறும் கணத்தில் அதற்குத் தன்னைத் தவிர எதுவும் தெரியாது. எந்த இயந்திரத்துக்கும் இன்னும் முகவரி கிடையாது. முகவரி இல்லாத இருட்டில் எப்படி விசாரிப்பது?

இங்கே பழைய யூயூசிபிக்காரரின் வழி திரும்பி வருகிறது. மனேஜர் ஒரு விசாரணைப் பொதி எழுதுகிறது: 'என் 1ஆம் போர்ட் வழியாக வெளியே போ. அங்கே யார் இருக்கிறார் என்று கேட்டு வா.' பதில் வருகிறது: 'நான் சுவிட்ச். எனக்கு 36 போர்ட். என் பிறவி எண் இது.' அடுத்த பொதி: '1ஆம் போர்ட் வழியாகப் போய், அந்தச் சுவிட்சின் 1ஆம் போர்ட் வழியாக வெளியேறு.' அதற்கடுத்தது 2ஆம் போர்ட், 3ஆம் போர்ட். பாதை முழுவதும் பொதியின் உள்ளேயே எண்களாக எழுதியிருக்கும். கூடியது 63 தாவல். திரும்பிவரும் வழியைச் சுவிட்ச்களே பொதியில் குறித்துக்கொண்டு போகும். இப்படித் தடவித் தடவி முழு வலையையும் கண்டுபிடித்தபின், மனேஜர் கணினிகளின் ஒவ்வொரு போர்ட்டுக்கும், ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒரு முகவரி கொடுக்கிறது. சாதாரண முகவரிகளாக 49,151 உண்டு. எல்லாச் சோடிகளுக்கும் பாதை வகுத்து, ஒவ்வொரு சுவிட்சுக்குள்ளும் அட்டவணை எழுதுகிறது: இந்த முகவரிக்கு இந்தப் போர்ட்.

மனேஜர் பாதியில் நின்று போனாலும் அட்டவணை அப்படியே இருக்கும், போக்குவரத்து ஓடும். மாற்றங்களைக் கவனிக்கத்தான் இன்னொருவர் பொறுப்பேற்க வேண்டும்.

ஆக, பொதியைச் சாகவிட்டுப் பாதையறியும் வித்தை இங்கே செல்லாது. ஆனால் ஒவ்வொரு சுவிட்சிடமும் அட்டவணை இருக்கிறது. அதைக் கேட்கலாமே?

*

கேட்டுக் கேட்டு நடப்பது

இன்பினிபாண்ட் கருவிகளோடு 'ஐபிட்ரேஸர்ட்' என்ற சிறு கட்டளை வருகிறது. புறப்படும் முகவரி, சேரும் முகவரி இரண்டையும் கொடுக்க வேண்டும். உதாரணத்துக்கு 12இலிருந்து 87க்கு என்போம்.

கட்டளை 12ஆம் முகவரியின் கணினியிடம் போகிறது. அதன் கேபிள் எந்தச் சுவிட்சில், எந்தப் போர்ட்டில் முடிகிறது என்று பார்க்கிறது. 13ஆம் போர்ட் என்று வைத்துக்கொள்வோம். இப்போது அந்தச் சுவிட்சிடம் அட்டவணையைக் கேட்கிறது. முழுவதையும் கேட்பதில்லை. அட்டவணை 64 வரிகள் கொண்ட தொகுதிகளாக இருக்கும். 87 இருப்பது 64 முதல் 127 வரையான இரண்டாம் தொகுதியில். அந்தத் தொகுதியை வாங்கி 87க்கு நேரே பார்த்தால் 30 என்று இருக்கிறது. சரி, 30ஆம் போர்ட் வழியாக வெளியேறி அடுத்த சுவிட்ச். அங்கேயும் அதே கேள்வி, இன்னொரு போர்ட் எண். மூன்றாவது சுவிட்ச். கடைசியில் 87இன் கணினி.

திரையில் வருவது ஐந்தாறு வரிதான். 'இந்தக் கணினியிலிருந்து' என்று முதல் வரி. பிறகு வெளியேறிய போர்ட்டின் எண், அம்புக்குறி, நுழைந்த சுவிட்சின் பிறவி எண், நுழைந்த போர்ட், அதன் பெயர். 'இந்தக் கணினிக்கு' என்று கடைசி வரி. ட்ரேஸ்ரூட்டில் வருவதுபோல மில்லிநொடிகள் எதுவும் இல்லை. ஆனால் அது ஒருபோதும் சொல்லாத ஒன்று இதில் இருக்கிறது: எந்தப் போர்ட்டில் செருகிய எந்தக் கேபிள் என்பது. அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு ராக்கின் பின்பக்கம் போய் அந்தக் கேபிளையே கையால் தொடலாம்.

இன்னொரு பலமும் உண்டு. கொள்ளுப்பிட்டியில் இருந்துகொண்டு, டொரொன்டோவிலிருந்து லண்டனுக்குப் பொதி எப்படிப் போகிறது என்று ட்ரேஸ்ரூட்டால் சொல்ல முடியாது. தான் நிற்கும் இடத்திலிருந்து புறப்படும் பாதை மட்டுமே அதற்குத் தெரியும். ஐபிட்ரேஸர்ட்டை மூன்றாவது கணினியில் உட்கார்ந்து ஓட்டலாம். வேறு இரண்டு கணினிகளுக்கிடையிலான பாதையைக் கேட்கலாம். முகவரிகளை இடம் மாற்றிப் போட்டால் திரும்பும் பாதையும் கிடைக்கும். இரண்டும் வேறுவேறாக இருப்பது சாதாரணம்.

பல வழிகளின் குழப்பத்துக்கும் இங்கே ஒரு விடை வைத்திருந்தார்கள். ஒரே போர்ட்டுக்குப் பல முகவரிகள் கொடுக்கலாம், 128 வரை. முகவரிக்கு முகவரி மனேஜர் வேறு பாதை வகுக்கலாம். முகவரி தெரிந்தால் பாதை தெரியும். ஊகம் இல்லை, கலப்புக் கணக்கு இல்லை. 1990களிலிருந்து கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்த ஒரு துறைக்கு இது பகல் வெளிச்சம்.

*

அட்டவணை சொல்லாதது

ஆனால் வெளிச்சம் விழுந்தது எதன்மேல் என்று கவனிக்க வேண்டும்.

ட்ரேஸ்ரூட் காட்டியது நடந்துபோன பொதியின் தடம். குறைகள் இருந்தாலும் அந்தப் பொதி அந்த ரவுட்டரில் போய் விழுந்தது உண்மை. ஐபிட்ரேஸர்ட் காட்டுவது போக வேண்டிய வழி. தரவுப் பொதி எதையும் அது அனுப்பிப் பார்ப்பதில்லை. விசாரணைப் பொதிகளுக்கு அந்தக் கம்பிகளில் தனியொரு மெய்நிகர் தடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது; தரவு நெரிசலில் நெரியும்போதும் விசாரணை தடையின்றிப் போய்வரும். பாதை முழுவதும் நலம் என்று திரை சொல்லும். கணக்கு ஓடும் கணினிகள் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும்.

மிகச் சாதாரணமாக நடப்பது இது: ஒரு கேபிளுக்குள் பொதுவாக நான்கு பௌதிகத் தடங்கள் உண்டு. முனை சரியாகச் செருகப்படாமலோ, கேபிள் அதிகமாக வளைந்தோ, இரு பக்கமும் பேசிக்கொண்டு ஒரே தடத்தோடு இணைப்பை ஏற்படுத்திக்கொள்ளும். வேகம் கால்பங்கு. அட்டவணையில் எழுத்தளவும் மாற்றமில்லை. அதே சுவிட்ச், அதே போர்ட் எண். பாதையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இது தெரியவே தெரியாது. ஒவ்வொரு போர்ட்டின் அகலத்தையும் பிழைக் கணக்கையும், எறியப்பட்ட பொதிகளின் எண்ணிக்கையையும் தனித்தனியே கேட்டு, பாதையின் வரிகளோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வேலை தெரிந்தவர்கள் ஐபிட்ரேஸர்ட்டோடு நிறுத்துவதில்லை. அது காட்டிய ஒவ்வொரு போர்ட்டையும் போய் விசாரிக்கிறார்கள். ஆயிரக்கணக்கான கணினிகள் ஒரு நரம்பியல் வலையைப் பயிற்றுவித்துக்கொண்டிருக்கும்போது, அந்த ஒரு கேபிளுக்காக மற்ற எல்லாமும் காத்து நிற்கும். தரமணியில் பார்த்த அதே காத்திருப்பு, இப்போது பன்மடங்கு செலவோடு.

இவ்வளவும் அட்டவணையில் ஒரு முகவரிக்கு ஒரு போர்ட் எழுதியிருந்த காலத்தின் கதை.

அந்தக் காலமும் நிற்கவில்லை. நிலையாக வகுத்த பாதைகளில் சில நெரிந்து, பக்கத்திலேயே சில வெறுமையாகக் கிடப்பதைப் பார்த்தவர்கள், தெரிவைச் சுவிட்சிடமே விட்டார்கள். புதிய சுவிட்ச்களின் அட்டவணையில் ஒற்றைப் போர்ட் எண்ணுக்குப் பதிலாகப் போர்ட்களின் குழு ஒன்று இருக்கலாம். பொதி வந்த அந்தக் கணத்தில் எந்த வரிசை குட்டையாக இருக்கிறதோ, அதில் தள்ளும். அடுத்த பொதி, சில நானோநொடி கழித்து, வேறொன்றில் போகலாம். நெரிசல் குறைகிறது. கம்பிகள் நிறைந்து ஓடுகின்றன.

சுவிட்சிடம் போய் 87க்கு எந்த வழி என்று கேட்டால், 'இவற்றில் ஒன்று' என்கிறது. முடிவெடுத்த கணம் கடந்துவிட்டது. எந்த அட்டவணையிலும் அது பதியவில்லை. பொதியோ சாகவில்லை, எங்கும் குறிப்புப் போடவுமில்லை. போய்ச் சேர்ந்துவிட்டது, ஆனால் பிந்திச் சேர்ந்திருக்கிறது.

அது வந்த வழியை இனி யாரிடம் கேட்பது? சுவிட்சிடமா, மனேஜரிடமா, அல்லது வந்து சேர்ந்த அந்தப் பொதியிடமேயா?

(அடுத்த வாரம்: நாட்குறிப்பு எழுதும் பொதி)